லிஃப்ட் செய்தியை எழுதியவள்

மகளிர் விடுதி, மாடி அறை
மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். கைபேசியை முதல் நாளே இதழியல் முகாம் அலுவலகத்தில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். நிருபருக்குக் காதும் கையும் போதுமாம். அதனால்தான் கடிதம். என் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு! படிக்க முடியவில்லை என்றால் அம்மாவிடம் கொடுங்கள்.

விடுமுறை என்பதால் கல்லூரி வெறிச்சோடிக் கிடக்கிறது. பள்ளி மாணவர்கள் நாங்கள் இருபது பேர்தான் ஒரு வகுப்பறையைச் செய்தி அறையாக்கி ரகளை பண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒருங்கிணைப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சிவப்பு மை. என் முதல் செய்தியைப் பார்த்துவிட்டு, "இதென்ன செய்தியா, வருகைப் பதிவேடா? யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னு எழுதியிருக்கே. என்னதாம்மா நடந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் வாரிவிட்டார்.

இப்போது முக்கியமான விஷயம். என் அறைத்தோழிக்குச் சுருட்டை முடி, எல்லாரும் சுருட்டை என்றே கூப்பிடுகிறோம். போன வருஷமும் இந்த முகாமுக்கு வந்தவள். அப்போது அரசு மருத்துவமனையில் லிஃப்ட் ஓடாமல், நோயாளிகளைப் போர்வையில் கிடத்தி மாடிக்குத் தூக்கிப்போவதைப் பார்த்துப் பயிற்சிக்காக ஒரு செய்தி எழுதியிருக்கிறாள். அது நம் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்திருக்கிறது, வேறொருவர் பெயரில். யார் பெயர் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் வீட்டில் காலாட்டிக்கொண்டு காபி குடிக்கிறாரே, உங்கள் மூத்த நிருபர், அந்தக் கண்ணாடி மாமா! ஒரு வரிகூட மாற்றவில்லை. அதற்கு விருது வேறு வாங்கியிருக்கிறார். செய்தி ஆசிரியரான உங்கள் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறார் அந்த மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முகாம் மாணவர்கள் எழுதுவது வேறு பெயரில் வெளியாகிறது என்று எங்கள் முகாம் இதழுக்கு எழுதிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது, திருத்திக் கொடுங்கள். மருத்துவமனை, லிஃப்ட் எதையும் அதில் சொல்லவில்லை, சொன்னால் அவளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தக் கல்லூரியில் இதழியல் படிக்க, இரண்டு வருஷமும் முகாமை முடித்த சான்றிதழ் வேண்டும். அவளுக்கு அதுதான் எல்லாமே. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். விவரம் சொன்னவர் யாரென்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், அவரைத் தாண்டிப் போகக் கூடாது என்று நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்.

அம்மாவுக்கு முத்தம்.

உங்கள் செல்ல மகள்


வீடு
மே 9

என் வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து படு மோசம். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று உன் அம்மா என் உயிரை எடுக்கிறாள்.

உன் கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதாரம் போதாது. இந்த முகாமை நடத்துவதே நம் பத்திரிகைதான் என்பது உனக்குத் தெரியும். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையாவது செய்து வைக்காதே. நான் விசாரிக்கிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே. உனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அப்பாவுக்குத் தெரியாதா?

அன்புடன்,
அப்பா


மகளிர் விடுதி
மே 13

அப்பா,

சுருட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேற்றுக் காலை சிவப்பு மை அவளைக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். "ஆஸ்பத்திரி லிஃப்ட் கதையை ஊரெல்லாம் பரப்புறியாமே? உனக்கு இடம் குடுத்ததே பெரிசு" என்று கத்தினார். பத்திரிகையின் பெயரைக் கெடுத்தாளாம், சான்றிதழ் கிடையாதாம். மதியத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

பெட்டியில் துணியைத் திணித்துக்கொண்டே கேட்டாள்: "யாருகிட்டடி சொன்னே?"

"ஆசிரியர்கிட்ட மட்டும்தான்."

"உங்கப்பாகிட்டன்னு சொல்லு."

அதற்குப் பிறகு என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்க வந்த என் கையைத் தட்டிவிட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன். அவள் அழவே இல்லை.

லிஃப்ட் என்ற வார்த்தையை நான் எழுதியது உங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் மட்டும்தான். சிவப்பு மைக்கு அது எப்படித் தெரிந்தது? நேராகவே கேட்கிறேன். அவரிடம் நீங்கள் பேசினீர்களா, இல்லையா? சுற்றி வளைக்காமல் பதில் போடுங்கள்.

மகள்


வீடு
மே 16

மகளுக்கு,

அப்பாவிடம் கேள்வி கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். நல்லது. கேட்டுக்கொள்.

ஆமாம், நான்தான் பேசினேன். அந்தப் பெண்ணைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்றுதான் சொன்னேன். அனுப்பச் சொல்லவில்லை. அந்த ஆள் அவசரப்பட்டுவிட்டார்.

கண்ணாடி மாமாவைத் திட்டாதே. முகாமிலிருந்து வந்த செய்தியில் பெயரை மாற்றியது நான். பள்ளிக்கூடப் பிள்ளை பெயரில் வந்திருந்தால் எந்த அதிகாரி திரும்பிப் பார்த்திருப்பான்? அவர் பெயரில் வந்தது, ஒரே வாரத்தில் லிஃப்ட் ஓடியது. போர்வையில் தூக்கிப்போன நோயாளிக்கு யார் எழுதினால் என்ன? விருது கிடைக்கும் என்று நான் கனவா கண்டேன்? கிடைத்த பிறகு உண்மையைச் சொன்னால் பத்திரிகை மானம் கப்பலேறும், முகாமை இழுத்து மூடுவார்கள், என் நாற்காலியும் போகும். நீ உட்கார்ந்து சாப்பிடுவது அந்த நாற்காலியை வைத்துத்தான்.

போதும். வாயை மூடிக்கொண்டு முகாமை முடித்துவிட்டு வீடு வந்து சேர்.

அப்பா


மாணவர் செய்தி அறை
மே 18

செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகாமின் கடைசி இதழுக்கு நான் எழுதும் செய்தியில் நீங்கள் சம்பந்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் வெளியிட மாட்டேன். கீழே உள்ள மூன்று கேள்விகளுக்கும் வரும் வியாழனுக்குள் பதில் தர வேண்டுகிறேன்.

லிஃப்ட் செய்தியை எழுதியது முகாம் மாணவி என்று தெரிந்தே வேறொருவர் பெயரைப் போட்டீர்களா?

உங்களை நம்பி ஒரு நிருபர் சொன்ன பெயரை வெளியாளிடம் சொன்னீர்களா?

அப்படிச் சொன்னவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பதில் வராவிட்டால், பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்று எழுதுவேன். அந்தப் பெயரை உங்களிடம் சொன்ன நிருபர் நான் என்பதையும் எழுதுவேன். என்னை நான் விட்டுவைக்கப் போவதில்லை.

மாணவ நிருபர்


செய்திப் பிரிவு
மே 20

மாணவ நிருபருக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். உன் அம்மா வாங்கிப் படித்தாள். "மூணு கேள்விதானே கேட்டிருக்கா? இவ்வளவு வருஷமா ஊரையே கேள்வி கேட்டீங்களே" என்றாள். 

முதல் கேள்விக்குப் பதில்: ஆமாம், தெரிந்தே போட்டேன்.

இரண்டாவது: ஆமாம்.

மூன்றாவது: அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்.

வெட்டாமல் போடு. கண்ணாடி மாமாவிடமும் சொல்லிவிட்டேன். கையிலிருந்த காபியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். முதலாளியை நாளை பார்க்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது.

இது வரை செய்தி ஆசிரியர் எழுதியது. இனி அப்பா கேட்பது, இதை அச்சில் போட வேண்டாம்: வீட்டுக்கு எப்போது வருகிறாய்?


மகளிர் விடுதி
மே 23

அப்பா,

நீங்கள் எழுதியது எழுத்து மாறாமல் வெளியாகிவிட்டது. சிவப்பு மை அச்சுக்கு அனுப்ப மாட்டேன் என்று குதித்தார். நாங்கள் ஆளுக்கொரு பிரதி கையாலேயே எழுதி, கல்லூரி வாசல், நூலகம், கேன்டீன் என்று ஒரு சுவர் பாக்கியில்லாமல் ஒட்டிவிட்டோம். தலைப்பிலேயே சுருட்டையின் முழுப் பெயர் இருக்கிறது, லிஃப்ட் செய்தியை எழுதியவர் என்று. போடலாமா என்று அலுவலகத் தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "போடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். 

எனக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். குறையவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டீர்கள் என்பதற்காக அவள் சான்றிதழ் திரும்பி வந்துவிடாது.

சனிக்கிழமை காலை முதல் பேருந்தில் அவள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறக்காவிட்டால் வாசலிலேயே நிற்பேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இரண்டு பேர். பேருந்தில் உங்களுக்கும் சேர்த்து இடம் போடுவேன், ஆனால் வழியில் உங்களோடு பேச மாட்டேன். அங்கே போய் அவளிடம் நீங்கள் பேச வேண்டும்.

வீட்டுக்கு எப்போது வருவேன் என்று கேட்டிருந்தீர்கள். அவள் வீட்டுக்குப் போன பிறகு.

மகள்