வேலு என்று முடியும் பேர்

பச்சைத் தேயிலைக் கொழுந்து வாசனையோடு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட என் அம்மாவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கான அழைப்பை அடிக்க உட்கார்ந்தேன். இந்த ஏலப்பாறையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். கம்ப்யூட்டரில் பழைய அழைப்பு ஒன்றைத் திறந்து, பேரை மாற்றி, அச்சடித்துக் கொடுத்துவிடுவேன். உனக்கும் அப்படியே செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்பா பேர் வரவேண்டிய வரியில் கை நின்றுவிட்டது. அழைப்பை அப்படியே விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. யாருடைய கடிதம் வந்தாலும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். இதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அடிக்கிறேன். கேட்டுக்கொள்.

போன மழைக்காலத்தில் நீ கடையில் வந்து உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் நினைவிருக்கிறதா? ஒருவர் தன் பட்டா மனுவைத் திரும்ப அடித்துத் தரச் சொன்னார். அதைக் கம்ப்யூட்டரில் எந்தப் பேரில் வைத்தேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. ராஜ் என்று முடியும், அவ்வளவுதான் ஞாபகம். தேடும் கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பின்னால் ராஜ் என்று அடித்தேன். செல்வராஜ், பால்ராஜ், தங்கராஜ் என்று வரிசையாக வந்து நின்றார்கள். அவருடைய மனுவை எடுத்துக் கொடுத்தேன்.

நீ கிட்டே வந்து திரையைப் பார்த்தாய்.

"அந்தப் பூ எதுக்குப் பாப்பா?"

"பூ இல்லம்மா, நட்சத்திரம். தெரியாத எடத்துல அதைப் போட்டுட்டுத் தெரிஞ்சதை மட்டும் அடிச்சாப் போதும். மிச்சத்த அதுவே தேடிக் குடுத்துரும்."

"கடைசி மட்டும் தெரிஞ்சா?"

"கடைசி மட்டும் தெரிஞ்சாலும்."

நீ திரும்பப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாய். தேநீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. ஆறி ஆடை படர்ந்த பிறகு சொன்னாய்: "அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரில இது இல்லையே."

ஆறிய தேநீரை வெளியே ஊற்றினேன்.

எழுபதுகளில் ஒரு ஆடி மாதம். நான் இரண்டாம் வகுப்பு. அப்பா எஸ்டேட் கொழுந்து லாரியில் மூட்டை ஏற்றும் வேலை. லாரிக் கண்ணாடியில் தலையைச் சீவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அந்த மழையில் லாரி வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அந்த வழியாக வந்த ஜீப் ஒன்று அப்பாவைத் தூக்கிக்கொண்டு மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்று மட்டும் நம் லயத்து வரிசை வீடுகளுக்குச் செய்தி வந்தது. நீ என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஒருத்தியாக ஏறினாய். பின்னாலேயே வருகிறேன் என்று சொன்ன கருப்பையா மாமாவால் வர முடியவில்லை. உன் பஸ் போன கொஞ்ச நேரத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது.

நீ அப்பா பேரைச் சொல்ல மாட்டாய். நம் லயத்தில் எந்தப் பெண்ணும் கட்டினவன் பேரை வாயால் சொன்னதில்லை, சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். ரேஷன் கடையில் கேட்டால் "முருகன் பேரு" என்பாய். வரிசையில் நிற்கும் யாராவது ஒருத்தி மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். மலைமேல் அந்தப் பாதிப் பேரே போதுமாக இருந்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கீழே உன்னை யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு கிளார்க் இருந்தார். நோயாளிகளின் தாள்களைப் பேரின் முதல் எழுத்துப்படி பிரித்து, கட்டுக் கட்டாகக் கட்டி அடுக்கியிருந்தார். அவர் சீட்டுக் கொடுத்தால்தான் காவலாளி வார்டுக்குள் விடுவான். கெட்ட மனிதர் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

"பேரு பறயூ அம்மே" என்று மலையாளத்தில் கேட்டார்.

"முருகன் பேருங்கய்யா."

அவர் 'மு' எழுத்துக் கட்டை அவிழ்த்தார். ஒரு முருகன் இருந்தார். சீட்டை வாங்கிக்கொண்டு ஓடினாய். கட்டிலில் பாம்பு கடித்த ஒரு கிழவர் படுத்திருந்தார். திரும்ப ஜன்னலுக்கு வந்தாய்.

"முருகன்னு இல்லங்கய்யா. அவரு கையில வச்சிருப்பாருல்ல, அதுல முடியும்."

"வேலு?"

தலையாட்டினாய். அவர் வே கட்டை எடுத்தார். வேலப்பன் இருந்தார், வேலாயுதன் இருந்தார், லாரியில் அடிபட்டவர் யாரும் இல்லை. முன்னால் என்ன வரும் என்று கேட்டார். நீ கழுத்தைத் தொட்டுக் காட்டினாய். உன் கழுத்தில் மஞ்சள் கயிறுதானே கிடந்தது, தங்கத்துக்கு எங்கே போவாய்? அவர் கயிற்றைப் பார்த்தார், கயிற்றில் கோத்திருந்த பாசிமணியைப் பார்த்தார். மணிவேலாக இருக்கும் என்று ம கட்டை அவிழ்த்தார். அதிலும் இல்லை. உனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"இவிடெ இல்லம்மே. அடுத்த டவுனுக்குக் கொண்டுபோயிருப்பாங்க" என்றார் பாதித் தமிழில்.

நீ அடுத்த டவுனுக்குப் பஸ் ஏறினாய். அங்கேயும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே விடியும்வரை நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப முதல் ஆஸ்பத்திரிக்கே வந்தாய். அதற்குள் மண்ணை ஒதுக்கி ரோட்டைத் திறந்திருந்தார்கள். மாமா வந்து அதே ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார்.

"தங்கவேலு. ஏலப்பாறை. கொழுந்து லாரியில அடிபட்டவரு" என்றார் மாமா.

'த' எழுத்துக் கட்டுக்குள் அப்பாவின் தாள் மேலாகவே இருந்ததாம். முந்தின நாள் சாயங்காலம் வரை அப்பா உயிரோடுதான் இருந்திருக்கிறார். நீ ஜன்னலில் நின்று கழுத்தைத் தொட்டுக் காட்டியபோது, சுவருக்கு அந்தப் பக்கத்து வார்டில், உயிரோடு. கிளார்க் ஜன்னலை அடைத்துவிட்டு வெளியே வந்து உன் முன்னால் நின்றார் என்று மாமா சொல்வார்.

அங்கிருந்த நர்ஸ் ஒரு விஷயம் சொன்னாள். அப்பா "பாப்பா, பாப்பா" என்றே கேட்டுக்கொண்டிருந்தாராம், குழந்தையைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். அப்பா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? "பாப்பாம்மா" என்பார். அவரும் உன் பேரைச் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாதிப் பேரால் தேடியிருக்கிறீர்கள்.

எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. ஒளிப்பானேன், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு வார்த்தை, அம்மா. மூன்றே எழுத்து முன்னால் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாவது இருந்திருப்பாய். வயசுக்கு வந்த திமிரில் ஒருநாள் அதை உன் முகத்துக்கு நேரே கேட்டேன். நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். கையை எடுக்காமலே சொன்னாய்.

"சும்மா இருக்கும்போதே சொல்லக்கூடாத பேரு. உசுரு ஊசலாடிக்கிட்டுக் கெடக்குறப்ப நான் சொல்லலாமா? அவரு பொழைக்கணும்னுதான பாப்பா வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

அதன்பிறகு நான் கேட்கவில்லை. அவர் போனபிறகும் நீ அந்தப் பேரைச் சொல்லவில்லை. இனி யாருடைய ஆயுசு குறையப்போகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள்.

இப்போது அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். மூச்சு முட்டி உன்னை ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். இந்த ஆஸ்பத்திரியில் கட்டும் இல்லை, கயிறும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பெண். உன் பேரைச் சொன்னேன், செல்லம்மா. கணவர் பேர் என்ன என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து உன் குரல் வந்தது.

"தங்கவேலு."

அந்தப் பெண் அடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். உன் வாயிலிருந்து அந்தப் பேரை அதுவரை நான் கேட்டதே இல்லை. குனிந்து, "என்னம்மா, பேரைச் சொல்லிட்ட?" என்றேன். நீ மாஸ்க்கைக் கொஞ்சம் ஒதுக்கினாய்.

"இனி அங்க போயித் தேடணும்ல. முழுப் பேரு சொன்னாத்தான காட்டுவாங்க."

அன்று ராத்திரியே போய்விட்டாய். அவர் பேரைச் சொல்லிப் பழகிப் பார்த்திருக்கிறாய் என்று பிறகுதான் புரிந்தது.

தேடிப் பிடித்துவிட்டாயா அம்மா? ஜன்னலில் யாராவது இருக்கிறார்களா அங்கே? அப்பா தலையைச் சீவிக்கொண்டு நிற்கிறாரா?

அழைப்பை இனிமேல் அடித்து முடித்துவிடுவேன். அந்தக் கோப்புக்குப் பேர் வைத்துவிட்டேன்: செல்லம்மா தங்கவேலு. முன்பாதி தெரிந்தவர் தேடினாலும், பின்பாதி தெரிந்தவர் தேடினாலும் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவீர்கள். என் கடைக்குப் பாதிப் பேரோடு ஒரு பெண் வந்து நின்றால், இருக்கிற கட்டையெல்லாம் அவிழ்த்துப் பார்க்காமல் அவளை நான் அனுப்ப மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவர் உன்னைக் கூப்பிடும் பேரில் பாதியாக இருக்கும்
உன் மகள்,
பாப்பா