மூன்று முறை தோய்த்த கொய்யா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்காலையும் உன் பெரியப்பாவின் வாயையும் தவிர இங்கே எல்லாம் நலம். பழத்தைக் காக்கும் வேலையில் நீ உன் வயிற்றைக் காயப்போடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய கடற்பாசி மாவு வந்து சேர்ந்தது. கரைத்துப் பூசினால் பழம் வாடாது, பூச்சோடே தின்னலாம் என்று எழுதியிருந்தாய். இந்தப் படிப்புக்கு நீ கிளம்பியபோது, பழத்துக்குச் சட்டை தைக்கவா கடல் தாண்டிப் போகிறாய் என்று கேட்டவன் நான். போனால் என் முகத்தில் விழிக்காதே என்றும் சொன்னேன், நீயும் மூன்று வருடமாக விழிக்கவில்லை. மற்ற விஷயங்களில் இந்தக் கீழ்ப்படிதல் எங்கே போயிருந்ததோ. சரி, பார்த்துவிடலாம் என்று நம் பழக் கிடங்கில் ஒரு கூடை கொய்யா எடுத்தேன். ஒரே முறை தோய்த்துக் காற்றில் உலர்த்தச் சொல்லியிருந்தாய். நீ கத்துக்குட்டி, நான் அந்தக் காலத்து வேதியியல் பட்டதாரி. மூன்று முறை தோய்த்தேன். பழம் கண்ணாடியாக மின்னியது. பட்டம் வாங்கியது நான், கிடங்கு மேலாளர் நாற்காலி வாங்கியது உன் பெரியப்பா என்ற பழைய எரிச்சல் வேறு. ஆறாம் நாள் அவரையே அழைத்து வந்து வெட்டிக் காட்டினேன். குப்பென்று கள் வாடை. “பழத்தைக் காப்பாத்துடான்னா சாராயம் காய்ச்சி வெச்சிருக்கியே தம்பி” என்றார். பெட்டி அடுக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினேழு வருடப் பகையில் அந்த மனிதர் சொன்ன ஒரே உருப்படியான நகைச்சுவை அது, நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பூச்சு தடித்தால் பழம் மூச்சுமுட்டி உள்ளுக்குள்ளேயே புளித்துவிடும் என்று உன் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அந்த வரிக்கு வரும் முன்பே, எனக்குச் சொல்லித்தர இவள் யார் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நீ கிளம்பிய அன்றும் உன் பேச்சை முடிக்க விடவில்லை.

அடுத்த கூடையை நீ சொன்னபடியே செய்தேன். பூசாதது எட்டாம் நாளே சுருங்கியது, உன்னுடையது இருபதாம் நாளும் கல் மாதிரி இருக்கிறது. உனக்குக் காட்ட ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, “பழத்தைப் பத்திரப்படுத்தினது போதும், பொண்ணை வரச் சொல்லி எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன். பூச்சுக்கும் முப்பது நாள்தான் தவணை என்று நீயே சொல்லியிருக்கிறாய், இந்த முறை கடைசி வரிவரை படித்தேன்.

நீடூழி வாழ்க, வேளைக்குச் சாப்பிடு. வரும்போது இன்னொரு பொட்டலம் மாவு. பெரியப்பா கேட்கிறார், நான் இல்லை.

இப்படிக்கு,
நீ விழிப்பதற்காக முகத்தைக் கழுவி வைத்திருக்கும்
அப்பா