பச்சையாக்கித் தந்த கிணறு

2025 ஜூலை 8, செவ்வாய்

கிணற்று நீரில் உரத்தால் கலக்கும் நைத்திரேற்று எவ்வளவு என்று நான் அளந்த தரவை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டு ஒரு கிழமை. எங்கோ யாரோ எழுதிய திறந்தமூல மென்பொருள் அதைத் தானாக எடுத்து வரைபடத்தில் போட்டிருக்கிறது. கல்முனைக் கரை முழுக்க, குடிக்கக்கூடாத கிணறுகளைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள். ஆய்வுகூடமே வந்து பார்த்தது. பெருமையில் பகல் சோறு இறங்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பக்கத்து வீட்டு ஸாலிஹா மாமி அழுதுகொண்டு வந்தார். மகள் றஸ்னாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டை, பாலமுனை மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்கிறார்களாம். வரைபடத்தைப் போனில் பார்த்திருக்கிறார்கள்.

"நஞ்சுத் தண்ணி வளவுல எங்கட புள்ள எப்பிடி இருக்கிற எண்டு கேக்காங்க மகள். பேர் போடமாட்டன் எண்டுதானே தண்ணி அள்ளிக்கொண்டு போனீங்க?"

பேர் போடவில்லைதான். கிணறு இருக்கும் இடத்தை அச்சொட்டாகப் போட்டேன். அதற்குப் பிறகு பேர் எதற்கு?

ஜூலை 12

அந்தக் கிணற்றில் அவ்வளவு இருக்குமா? கோப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

யா அல்லாஹ். நான் அளந்தது நைத்திரேற்று. குறித்து வைத்ததோ நைத்திரேற்றில் உள்ள நைதரசன் என்று. மென்பொருள் என்னை நம்பி, நைதரசனை நைத்திரேற்றாக மாற்றுவதாக எண்ணி, எல்லா எண்களையும் நாலு மடங்குக்கு மேல் பெருக்கிவிட்டது. றஸ்னாட கிணறு நல்ல கிணறு. கண்ணத் திறந்துகொண்டு ஒரு சொல்லப் பிழையாப் போட்டன் — அவள்ட கலியாணம் போகுது.

ஜூலை 13

திருத்தினேன். காரணம் கேட்கும் இடத்தில் 'சிறு மாற்றம்' என்று எழுதினேன். சிறு மாற்றமாம்! பதவி நிரந்தரமாக்கும் நேர்முகம் அடுத்த மாதம், அதுதான். வெட்கம் கெட்டவள் நான்.

மாப்பிள்ளை வீட்டாரை வரைபடத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள் என்று மட்டும் மாமிக்குச் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

புள்ளி பச்சையாகிவிட்டது. கலியாணப் பேச்சும் மறுபடி கூடிவிட்டது. மாமி வட்டிலப்பம் கொண்டுவந்து என் தலையைத் தடவினார்.

"எங்களுக்காக மாத்தித் தந்தீங்களே மகள், சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

இல்லை மாமி, பிழை என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயால் வட்டிலப்பத்தைத் தின்றேன்.

ஜூலை 22

அவருக்காக நான் புள்ளியை மாற்றிக் கொடுத்தேன் என்று மாமி தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

ஜூலை 26, சனி

பின்வீட்டு லைலா ராத்தா கைக்குழந்தையோடு வந்தார். திருத்திய பிறகும் சிவப்பாகவே நிற்கும் கிணறுகளில் அவருடையதும் ஒன்று.

"எங்கடயையும் பச்சையாக்கித் தாங்க தங்கச்சி. வாற ஆக்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கப் பயப்புடுறாங்க."

இன்றைக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். மாமியின் கிணறு முதலே நல்லது, பிழை விட்டது நான், உங்கள் தண்ணீர்தான் மெய்யாகவே கெட்டது, குழந்தைக்கு அதில் பால்மா கரைக்க வேண்டாம். அவர் சிரித்தார்.

"ஸாலிஹாட ஆக்களுக்கு மட்டும்தான் செய்வீங்க என்ன?"

"ராத்தா, அல்லாஹ்வுக்காகக் கேளுங்க. கொதிக்க வெச்சாலும் அது போகாது." கேற் வரைக்கும் பின்னால் ஓடினேன்.

"ஆளப் பாத்து நம்பர மாத்துற நீங்க. ஒங்கட கதைய என்னண்டு நம்புற?"

ஜூலை 27

நடந்த பிழையை முழுவதும் என் பேரோடு இணையத்தில் தரவுக்குப் பக்கத்திலேயே எழுதிப் போட்டேன். யார் வாசிப்பார்கள்? லைலா ராத்தா வீட்டுக் கிணற்று மோட்டர் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.