ஓர் எழுத்தும் மாறாத அசைன்மென்ட்

என் அண்ணனை ஆட்டிப் படைத்த, என்னைச் சிரிக்க வைத்தே கொன்ற ஜெயராணி மதினிக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? வாய்க்குப் பூட்டு ஏதும் போட்டுவிட்டார்களா, இல்லை அங்கேயும் யாரையாவது பக்கத்தில் இழுத்து வைத்து ஊர்க்கதை கேட்கிறீர்களா? இங்கே எல்லாரும் சுகம். அண்ணன் சோறு வடிக்கப் பழகிவிட்டார். முதல் வாரம் கஞ்சி, அடுத்த வாரம் களி. இப்போதுதான் சோறு என்று சொல்லும்படி ஏதோ ஒன்று வருகிறது.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் இவ்வளவு நீளமாக எழுதுகிறாளே என்று பார்க்காதீர்கள். எல்லாம் நீங்கள் இழுத்துவிட்ட வினை. விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நம் தீப்பெட்டி ஆபீஸ் வாசலிலேயே என்னை மறித்தீர்கள்.

"ஏட்டி வசந்தா, பள்ளிக்கூடம் படிச்சிருக்கணும்னு இல்லையாம். வயசு இருந்தாப் போதுமாம். காலேஜுல சேத்துக்கிடுதாங்களாம்."

"வயசுதான மதினி? அது நம்மகிட்ட வேண்டிய மட்டும் கெடக்கு" என்றேன்.

அந்த ஒரே தகுதியை வைத்து இரண்டு பேரும் தபால்வழிக் கல்லூரியில் ஆயத்தப் படிப்பில் சேர்ந்தோம். அதில் தேறினால்தான் பி.ஏ. தமிழ், ஆங்கிலம், வணிகம், சுற்றுச்சூழல் என்று நாலு பாடம். நாலுக்கும் வீட்டிலிருந்து விடை எழுதிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கொடுக்க வேண்டும். அசைன்மென்ட் என்றார்கள். எட்டாவது வரை படித்தவர் நீங்கள் என்பதால் நீங்கள் எழுதினீர்கள், நான் பார்த்து எழுதினேன். முதல் பக்கத்தில் உங்கள் பேரையும் சேர்த்து எழுதிவிட்டு, அப்புறம் அடித்து என் பேரைப் போட்டேன்.

எழுதியதோடு விட்டோமா? இரண்டு பேர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சரிபார்த்தோம். உங்கள் வரி எந்தச் சொல்லில் முடிந்ததோ அதே சொல்லில் என் வரியும் முடிந்தது. குச்சி அடுக்கும் சட்டத்தில் ஒரு குச்சி தலை நீட்டினாலும் திருப்பி அனுப்புகிற ஆபீஸில் இருபது வருஷம் இருந்த கை அல்லவா நம்முடையது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் நம் இரண்டு பேரையும் எழுப்பி நிற்க வைத்தார்.

"என்னம்மா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு?"

நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னீர்கள்: "ஆமா சார். நல்லாச் சரிபாத்துட்டோம். ஒரு எழுத்து மாறாது."

"அது தப்பும்மா."

"எங்க ஆபீஸ்ல மாறுனாத்தான் சார் தப்பு."

வகுப்பே சிரித்து உருண்டது. சாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் சிரித்தார். ஆனாலும் இரண்டு பேருக்கும் முட்டை போட்டுவிட்டார். புதுக் கேள்விகள் தருவதாகவும், அவரவர் சொந்தமாக எழுதி ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்றும் சொன்னார். சொந்தமாகவா! எனக்கு அன்றைக்கே படிப்பே வேண்டாம் என்று ஆகிவிட்டது. நீங்களோ பஸ்ஸில் வரும்போதே பேனாவைத் திறந்துவிட்டீர்கள்.

இரண்டாவது வாரம் வேலைக்குக் கிளம்பி நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நீங்கள் போன ஒரே இடம் அதுதான் மதினி.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் உங்கள் நோட்டை என்னிடம் கொண்டுவந்து தந்தார்.

"அவ நாலையும் எழுதி முடிச்சிட்டாட்டி. நாளு வேற நெருங்குது. இதப் பாத்து அப்படியே எழுதிக் குடுத்திரு. இனி எத வச்சு ஒத்துப் பாக்கப் போறாங்க?"

அதுவும் நியாயம்தானே? கடைசி நாளுக்கு நாலு நாள்தான் இருந்தது. எனக்குச் சொந்தமாக நாலு வரிகூட எழுதத் தெரியாது. நான் பரீட்சை எழுதாமல் போனால் நம் இரண்டு பேர் ஆசையும் ஒரே நாளில் அவிந்துவிடும். அழுதுகொண்டேதான் உங்கள் நோட்டைத் திறந்தேன். மேலே இருந்தது சுற்றுச்சூழல். உங்கள் ஊர் மண்ணைப் பற்றி எழுதுக என்று கேள்வி. பார்த்து எழுத ஆரம்பித்தேன். ஆறாவது வரியில் கை நின்றுவிட்டது.

'கோடையில் கரிசல் நிலம் வெடித்துப் பாழாகிறது. வெடிப்புகளை மூடிப் பாதுகாக்க வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள்.

மூடவா! எனக்கு வந்த சிரிப்பில் அண்ணன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். மணியாச்சியில் ரயில்வே வீட்டில் பிறந்து, தண்டவாளத்து ஜல்லியை மட்டும் பார்த்து வளர்ந்தவருக்குக் கரிசலைப் பற்றி என்ன தெரியும்? அந்த வெடிப்பு வழியாகத்தானே முதல் மழை அடி வரைக்கும் இறங்கும்? மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். மழை பெய்ததும் மண் உப்பி, நிலம் தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும். சின்ன வயதில் எங்கள் அப்பா கம்பு விதைத்த புஞ்சையில் என் பித்தளை வளையல் ஒன்று வெடிப்புக்குள் போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து அது தானாகவே மேலே வந்து கிடந்தது.

"மதினி, நீங்க எழுதுனது தப்பு" என்று வாய்விட்டே சொன்னேன். பார்த்து எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். வளையல் கதையிலிருந்து ஆரம்பித்து எழுதினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. மூன்று பக்கம்!

பிறகு வணிகத்தைப் புரட்டினேன். எந்தப் பொருளுக்கும் விளம்பரம் அவசியம் என்று எழுதியிருந்தீர்கள். நான் விடுவேனா? கோவில்பட்டியில் பாகு காய்ச்சுகிற தெருவில் காற்றடித்தால் போதும், கடலை மிட்டாய்க்கு எதற்கு விளம்பரம் என்று எழுதினேன். தமிழிலும் ஒரு சண்டை. ஆங்கிலத்தில் குடும்பத்தைப் பற்றி அஞ்சு வாக்கியம் கேட்டிருந்தார்கள். 'மை சிஸ்டர் இன் லா டாக்ஸ் டூ மச்' என்று என்னை மாட்டிவிட்டிருந்தீர்கள். அதை இரண்டு தடவை வாசித்தேன். அப்புறம் நானும் அஞ்சு வாக்கியம் எழுதினேன். அஞ்சும் உங்களைப் பற்றித்தான். அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்வீர்கள்.

கடைசி நாளன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"நல்லா இருக்கும்மா. யார் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்ல சார். எங்க மதினிகூடச் சண்டை போட்டேன்."

அவர் நாலு தாளையும் அடுக்கி என் கையில் கொடுத்தார். நாலிலும் பாஸ், மதினி. பரீட்சைக்கு நுழைவுச் சீட்டும் வந்துவிட்டது. அதிலிருந்த என் போட்டோவைப் பார்த்து அண்ணன், "இது என்னட்டி, போலீசு தேடுத ஆளு மாரி இருக்க" என்றார். நீங்கள் போன பிறகு அண்ணன் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பரீட்சைக்குப் போகிறேன் மதினி. அங்கே உங்கள் நோட்டும் இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீர்கள். தெரியாத கேள்வி வந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று யோசிப்பேன். அது தப்பு என்று தோன்றினால் ஏன் தப்பு என்று எழுதுவேன். ஒருவேளை நீங்கள் சொல்வதே சரியாகத் தோன்றினால்? அன்றைக்கு மட்டும் தோற்றுப்போய், அதையும் என் வார்த்தையிலேயே எழுதி வைப்பேன். ஆயத்தம் முடிந்து, பி.ஏ.வும் முடிகிற வரைக்கும் இந்தச் சண்டையை விட மாட்டேன். இது சத்தியம்.

வாயாடியே ஆனாலும் உங்களுக்கென்று வாய்த்த ஒரே நாத்தனார்,
வசந்தா