சும்மா பார்க்க வந்தவர்கள்

எஸ்தரு, எஸ்தரு, எஸ்தரு...

மூன்று தடவை கூப்பிட்டால்தான் நீ திரும்பிப் பார்ப்பாய். எக்ஸ்போர்ட் கம்பெனி மிஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாய். நீ போய் மூன்றாம் வருஷம் நடக்கிறது. இத்தனை நாளாக ஒரு வரிகூட எழுதாதவன் இன்றைக்கு ஏன் பேனாவை எடுத்தான் என்று கேட்பாய். சொல்லத்தான் வந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. சாராள் ஏழாம் வகுப்பு. என் தோளுக்கு வந்துவிட்டாள். நான் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். ஆனால் இரட்டைப் பின்னல் இரண்டும் ஒரே உயரத்தில் வருவதே இல்லை. எதிர்வீட்டு லட்சுமியக்கா பார்த்துவிட்டு, தினமும் அவிழ்த்துத் திரும்பப் போட்டு அனுப்புகிறார். எனக்கு அதே மோட்டார் வைண்டிங் வேலைதான். மேனாம்பேட்டில் நம் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. நீ இருந்தபோது வந்திருக்கக் கூடாதா?

போன சனிக்கிழமை நானும் சாராளும் உன் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தோம்.

இந்தக் கடிதத்தைப் பிற்பாடு சாராளும் மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ அந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படித்ததில்லை. அங்கே வளர்ந்தாய், அவ்வளவுதான். பூந்தமல்லி ரோட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கல்லூரி. உள்ளே கருங்கல்லில் ஒரு சேப்பல், கல்லூரிக்கென்று கட்டிய தேவாலயம். அதைத் திறப்பது, கூட்டிப் பெருக்குவது, பூட்டுவது எல்லாம் உன் அப்பாவின் பொறுப்பு. அந்த வேலை பார்ப்பவரைக் கோயில்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். உனக்கு ஐந்து வயதில் உன் அம்மா சாராள் இறந்துபோனார். சேப்பலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் அப்பாவும் நீயும் மட்டும்.

எண்பத்தொன்றில் சேப்பலுக்கு ஃபேன் மாட்ட வந்த ஆட்களில் நான் ஒருவன். நான் ஏணியில் ஏறும்போதெல்லாம் நீ கீழே நின்று "பாத்து, பாத்து" என்பாய். பதினோரு நாள் வேலையை நான் பதினைந்து நாளாக இழுத்தேன். அடுத்த வருஷம் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு, அன்று சாயங்காலமே ஆசீர்வாதம் வாங்கப் போனோம். உன் அப்பா கதவைத் திறந்தார். மாலையைப் பார்த்தார். என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு வந்த? உனக்கு இந்த எடத்துல யாரும் இல்ல" என்று கதவைச் சாத்திவிட்டார்.

கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறையில் குடித்தனம் ஆரம்பித்தோம். பெண் பிறந்ததும் நீ உன் அம்மா பேரையே வைத்து, அப்பாவுக்குக் கடிதம் எழுதினாய். பதில் வரவில்லை. நீயும் மறுபடி எழுதவில்லை. அப்புறம் நாம் மேனாம்பேட்டுக்கு வந்துவிட்டோம்.

பூந்தமல்லி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த காம்பவுண்டுச் சுவர் வந்ததும் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். சுவர் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினாய்.

"ஒரு தபா போயிட்டு வர்லாமா? யார்கிட்டயும் ஒண்ணும் பேச வேணாம். சுத்திப் பாக்க வர்றவங்க கணக்கா சும்மா உள்ள போயி பாத்துட்டு வந்துடலாம்."

"நம்மள வாசல்ல நிக்க வச்ச எடத்துக்கு இன்னாத்துக்கு? ரோஷம் இல்ல உனக்கு?" என்றேன்.

அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் மஞ்சள் காமாலை வந்தது. பன்னிரண்டே நாள்.

இப்போது எழுதப்போவது உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, உன்னோடு வேலை செய்த மேரியக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவுங்க அப்பாவுக்குச் சொல்லியனுப்பணும் இல்ல?" என்று கேட்டாள். "உயிரோட இருந்தப்ப வராதவரு இப்ப இன்னாத்துக்கு?" என்றேன். மேரியக்கா இன்னொரு தடவை கேட்டாள். நான் வேண்டாம் என்று கத்தினேன். யாரும் போகவில்லை. அரை மணி நேர பஸ் தூரம், எஸ்தரு.

சாராள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தாள். கல்லூரியின் ஆண்டு விழாவாம், அன்றைக்கு ஒரு நாள் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாமாம். "அம்மா வளர்ந்த காலேஜ்தானே இது? போலாம்பா" என்றாள். உனக்குச் சொன்ன பதிலை அவளுக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உன் அப்பா ஓய்வு பெற்று எங்கேயாவது போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் ஒரு மாணவி எங்கள் இரண்டு பேர் சட்டையிலும் 'பார்வையாளர்' என்று அச்சடித்த காகிதத்தைக் குத்திவிட்டாள். திருவிழாக் கூட்டம். நூலகத்தைக் காட்டினார்கள், பழைய வகுப்பறையைக் காட்டினார்கள். சாராளுக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. "சேப்பல் எங்க, சேப்பல் எங்க?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.

சேப்பல் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது. "வாங்க, மெதுவா வாங்க. படி வழுக்கும்."

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அவர்தான். வெள்ளைச் சட்டை, வேட்டி, தடித்த கண்ணாடி. உடம்பு பாதியாகியிருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். சாராள் அதற்குள் முன்வரிசைக்குப் போய்விட்டாள். நான் கூட்டத்தின் கடைசியில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

நன்றாகத்தான் சொன்னார், எஸ்தரு. கதவு பர்மா தேக்கு என்றார். ஜன்னல் கலர்க் கண்ணாடியெல்லாம் வைக்கோல் சுற்றிக் கப்பலில் வந்ததாம், ஒன்றுகூட உடையவில்லையாம். யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத மாணவர்களின் பெயர்களைப் பித்தளைத் தகட்டில் விரலால் தடவியே படித்துக் காட்டினார். கண் சரியாகத் தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. யாரோ ஒரு அம்மா, "இந்த ஃபேனும் அந்தக் காலத்துதாங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. அது அப்பால மாட்டுனது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கூட்டம் நகரும்போது சாராள் அவரிடம் போனாள். "தாத்தா, பின்னாடி வீடு இருந்துச்சாமே, அது எங்க?"

"அத இடிச்சிட்டாங்க பாப்பா. உனக்கு யாரு சொன்னது?"

"எங்கம்மா."

"உன் பேரு இன்னா?"

"சாராள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "யாரு வச்ச பேரு?"

"அம்மாதான். அவுங்க அம்மா பேராம்."

அவர் அவள் முகத்தைக் கையில் ஏந்திக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கித் தேடினார். நான் தூணை விட்டு முன்னால் வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தார்.

"அவ வெளிய நிக்கிறாளா? உள்ள வரச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

எஸ்தரு, நான் என்ன சொல்வேன்? மகளே வேண்டாம் என்றவர் என்று பதினாலு வருஷமாக நான் மனதில் திட்டிக்கொண்டிருந்த மனிதர், நீ வருவாய் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீ இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியாது. தெரியாமல் செய்தவன் நான்.

"மாமா" என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கூப்பிட்டேன். "எஸ்தர் இல்ல மாமா. காமாலை. மூணாம் வருசம் நடக்குது."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழவில்லை. சாராள்தான் அழுதாள், அவர் யார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் தலையைத் தடவிக்கொண்டே பேசினார்.

"லெட்டர் வந்துச்சு. வீம்புல பதில் போடல. ரிட்டயர் ஆனப்புறம் கள்ளிக்குப்பம் போய்த் தேடுனேன், வேற யாரோ இருந்தாங்க. இங்க வெளி ஜனங்க பாக்க வர்ற நாளுன்னா, நானே கேட்டுக்கினு வந்து நிப்பேன். பொண்ணா வராட்டியும், சும்மா பாக்கறவளாவாச்சும் ஒரு நாளு வருவான்னு..."

அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னால் மறைக்க முடியவில்லை. "அப்டிதான் வரணும்னு அவளும் கேட்டா, மாமா. நான்தான் வேணான்னேன். உங்களுக்குச் சேதி சொல்லாததும் நான்தான்."

என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மண்ணுல வச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா. அம்பத்தூர் சர்ச் ஐயரு வந்து ஜெபம் பண்ணாரு. அங்க கல்லறைத் தோட்டத்துலதான் கீறா."

தலையை ஆட்டினார். "அப்ப அவளுக்கு வயசு முப்பத்திரெண்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சு ரெண்டு மாசம்."

எழுந்து நேராகச் சேப்பல் போதகரான ஐயரிடம் போனார். அந்த வளாகத்தில் இருப்பவர் யாராவது இறந்தால் வயதுக்கு ஒன்றாக மணி அடிப்பது அங்கே வழக்கமாம். உன் அம்மாவுக்கும் அவரேதான் அடித்தாராம். ஐயர் இளைஞர், தயங்கினார். "வெளிய இவ்ளோ ஜனம் வந்திருக்காங்க. கொண்டாட்ட நாள். நாளைக்குக் காலைல வச்சுக்கலாமே?"

"ஏற்கெனவே ரெண்டு வருசத்துக்கு மேல லேட்டு, ஐயா."

ஐயர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கோபுரத்துக்கு அடியில் ஒரு சின்ன அறை. மேலேயிருந்து கயிறு தொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் சத்தம் முழுக்க அடங்கும்வரை நிறுத்தி, பிறகு அடுத்ததை அடித்தார். சாராள் விரல்விட்டு எண்ணினாள். ஐந்தாவது அடியில் வெளியே ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார்கள். பதினான்காவது அடியோடு அவர் கை நின்றுவிட்டது. கயிற்றை விடவில்லை, இழுக்கவும் முடியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"பிடி" என்றார்.

அவர் கைக்கு மேலே என் கையை வைத்துப் பிடித்தேன். மிச்சப் பதினெட்டையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் அடித்தோம். உனக்குக் கேட்டதா, எஸ்தரு? மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாயே, முப்பத்திரண்டு தடவை கூப்பிட்டோமே!

வெளியே வந்தபோது ஜனம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. "யாருக்குங்க?" என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "என் பொண்ணுக்கு. எஸ்தருன்னு பேரு. இங்கதான் பொறந்து வளந்தா. இது அவ பொண்ணு."

மறுநாள் ஞாயிறு, தனியாக பஸ் பிடித்து மேனாம்பேட்டுக்கு வந்துவிட்டார். சாராளோடு நாள் முழுக்கப் பேசினார். நீ சின்ன வயதில் சேப்பல் பெஞ்சுக்கு அடியில் தூங்கிப்போக, அவர் தெரியாமல் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டாராமே, என்னிடம் நீ சொன்னதே இல்லை! என்னோடு மட்டும் பேச்சு இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "உன்ன மன்னிக்க எனக்கு மனசு வரல. என்ன நானும் மன்னிச்சுக்கல. அடுத்த வாரம் அவ இருக்கற எடத்துக்குக் கூட்டிகினு போ."

நாளைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை. கூட்டிக்கொண்டு போகிறேன். உன்னோடு தனியாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு நேரமானாலும் நான் வெளியே காத்திருப்பேன். நீ அவரைக் கோபித்துக்கொள்ளாதே. கோபமெல்லாம் எனக்காக வைத்துக்கொள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நம் சாராள் பெரியவளாகி ஒரு நாள் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பாள். அவன் எந்த ஊர், எந்த சாதி, எந்த சாமியாக இருந்தாலும் சரி. எனக்குப் பிடிக்காமல் போகலாம், வாய்க்கு வந்ததைச் சொல்லத் தோன்றலாம். ஆனால் முதல் வார்த்தையாக "உள்ள வாங்க" என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
உன் அப்பாவுக்கு மருமகன்,
முருகேசன்