என் பங்கையும் சேர்த்துச் சுமந்தவருக்கு

நேற்று முன்தினம் சின்னவள் ஊசி தேடி அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறியபோது அந்தத் தைலப் போத்தல் அவள் கையில் அகப்பட்டுவிட்டது. குலுக்கிப் பார்த்து, இது என்னவென்று கேட்டாள். உள்ளே மூன்று இரும்புத் துண்டுகள். ஒன்று உளுந்தளவு, மற்ற இரண்டும் சற்றுப் பெரியவை. காடாத்துச் சடங்கின்போது உங்கள் சாம்பலுக்குள்ளிருந்து என் தம்பி பொறுக்கி வந்து தந்தவை. ஆறு மாதமாக அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை.

அப்பாவின் உடம்பில் இருந்தவை என்றேன். அப்பா சண்டையில் நின்றவர், செல் குண்டு வெடித்தபோது பாய்ந்தவை என்றேன். மூத்தவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பாவையும் பக்கத்து வளவையும் பற்றி ஊரில் அரைகுறையாக ஏதாவது காதில் விழுந்திருக்கும்.

"பூரணம் பெரியம்மா எங்களோட கதைக்காதது அதாலையோ அம்மா?"

நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். எரியாத அடுப்பின் முன்னால் குந்தியிருந்தேன். அதன் பிறகு நடந்ததை உங்களுக்குத்தான் எழுத வேண்டும். வேறு யாருக்கு எழுத?

கிளிவெட்டி அகதி முகாமில் உங்களை முதன்முதலில் பார்த்தபோது தண்ணீர் வரிசையில் உங்கள் அம்மாவின் வாளியோடு நின்றீர்கள். புனர்வாழ்வுத் தடுப்பு முடிந்து வந்து ஒரு கிழமைதான். உங்களுக்கு முன்னும் பின்னும் வரிசையில் இடைவெளி இருந்தது. இயக்கத்தில் இருந்தவரோடு கதைத்தால் தங்களையும் விசாரிப்பார்கள் என்று சனத்துக்குப் பயம். கலியாணப் பேச்சு வந்தபோது நீங்களே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்.

"என்னைக் கட்டினால் வீட்டுக்கு விசாரிக்க வருவினம். ஆமிக் காம்பில கையெழுத்து வைக்கப் போகவேணும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். இவ்வளவையும் முதலே சொல்கிற மனிதர் பிறகு எதை மறைக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூத்தவள் பிறக்கும்வரை என்னை நீங்கள் என்றுதான் அழைத்தீர்கள். அவள் பிறந்த பிறகு உங்கள் உலகமே அவளாகிவிட்டது. மேசன் வேலையால் வந்து, சீமெந்து பிடித்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தூக்குவீர்கள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிடுவதும் நீங்கள்தான். ஒன்று மேலே நிற்கும், மற்றது கீழே நிற்கும். பிள்ளைகளும் அப்படியே போய்விடுவார்கள்.

எங்கள் ஊரான சம்பூருக்குத் திரும்பிப் போகலாம் என்று அறிவித்தபோது நான் சின்னவளைச் சுமந்து ஏழு மாதம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் இருந்தது. தகரக் கொட்டில் போட்டோம். பக்கத்து வளவில் பூரணமக்காவும் அவருடைய மனுசன் தங்கராசண்ணையும். அவர்கள்தான் எங்களுக்கு முதல் நாள் சோறு தந்தவர்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் சாப்பிடாமல் இருந்தீர்கள். அக்காவின் வளவுக்குப் பின்னால், ஈச்சம்பற்றை படர்ந்த ஒடுங்கிய துண்டைக் காட்டினீர்கள். பத்தொன்பது வயதில், ஊர் இடம்பெயர்வதற்குச் சற்று முன்னர், நீங்களும் இன்னும் இருவரும் அதற்குள் மண்ணைத் தோண்டி மிதிவெடி தாட்டீர்களாம். அவர்கள் இருவரும் இப்போது இல்லை. கண்ணிவெடி அகற்றியவர்கள் குறித்த இடங்களுக்குள் அந்தத் துண்டு அகப்படவில்லை. ஆமியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றீர்கள்.

நான் உங்கள் கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்தேன். "சொன்னால் உங்களைத் திரும்பக் கொண்டுபோயிடுவாங்கள். இந்தப் பிள்ளை பிறக்கட்டும். பிறகு சொல்லுங்கோ."

நீங்கள் போகவில்லை. பின்னேரம் அந்த வேலியில் முள்ளு அடைத்தீர்கள். உள்ளே பாம்புப் புற்று இருக்கிறது, போகவேண்டாம் என்று அண்ணையிடம் சொல்லி வைத்தீர்கள். அதற்கு மேல் செய்ய உங்களை நான் விடவில்லை.

ஒன்பது நாள் கழித்து அண்ணையின் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அதற்குள் போனது. மாட்டுக்காரருக்குப் பாம்புக்கென்ன பயம். அவரும் பின்னால் போனார்.

வெடிச் சத்தம் கேட்டதும் நீங்கள் ஓடியதை நான் கொட்டில் வாசலில் நின்று பார்த்தேன். வேலிக்கு வெளியே எல்லாரும் நின்றுவிட்டார்கள். நீங்கள் நிற்கவில்லை. பத்து வருட மழையில் எது எங்கே இடம் மாறியிருக்குமோ தெரியாது, ஆனாலும் உள்ளே போனீர்கள். சாரத்தைக் கிழித்து அண்ணையின் தொடையை இறுக்கிக் கட்டி, முதுகில் சுமந்துகொண்டு, போன அடியிலேயே கால் வைத்துத் திரும்பினீர்கள். உழவு இயந்திரத்தில் மூதூருக்கும், அங்கிருந்து அம்புலன்சில் திருகோணமலைக்கும் கூடவே போனீர்கள். மூன்றாம் நாள் அவருடைய உடல்தான் வந்தது.

செத்தவீடு முடிந்த மறுநாள் என்னிடம் கேட்காமலே போய்ச் சொன்னீர்கள். நான் பயந்தபடியே உங்களை விசாரணைக்கு வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்தே அந்தத் துண்டு இருக்கும் இடத்தைச் சொல்லிக் கொடுத்தீர்கள், வந்து எல்லா வெடியையும் எடுத்தார்கள். சின்னவள் பிறந்தபோது நீங்கள் பக்கத்தில் இல்லை. அவர்கள் உங்களை விட்ட அன்று, முகம் பார்க்காத பிள்ளை வீட்டில் இருக்க, நீங்கள் முதலில் போனது பூரணமக்காவின் வாசலுக்கு. நான் குழந்தையோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அக்கா, அதைத் தாட்டது நான். இருக்கெண்டு தெரிஞ்சும் சொல்லாமல் இருந்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"பயத்தில, அக்கா."

அவ்வளவுதான். என் பெயரை நீங்கள் எடுக்கவில்லை. அக்கா கதவைச் சாத்தினார். பிறகு நான் கேட்டதற்கு, "நீ என்ன சொன்னாலும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்தானே" என்றீர்கள். அந்தக் கதையை அதற்குப் பிறகு நாங்கள் எடுக்கவேயில்லை.

கரைவலை இழுக்கப் போய் வரும் நாட்களில் ஒரு கோர்வை மீனை அக்காவின் வேலிக்கட்டையில் கொழுவிவிட்டு வருவீர்கள். முதல் வருடம் காகம்தான் தின்றது. பிறகு ஒருநாள் கோர்வையைக் காணவில்லை, காகமும் இல்லை. வந்து அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னீர்கள். ஆனால் அக்கா உங்களோடு ஒரு சொல் கதைக்கவில்லை, ஒன்பது வருடமும். பின்னேரங்களில் பிள்ளைகளோடு கடற்கரையில் இருந்து, குடாவுக்கு அப்பால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களை எண்ணிச் சொல்லிக் கொடுக்கும்போதும் ஒருதரம் திரும்பி அந்த வீட்டுப் பக்கம் பார்ப்பீர்கள். பிள்ளைகளுக்கு விளங்காது. எனக்கு விளங்கும். விளங்கியும் நான் வாய் திறக்கவில்லை.

நாற்பது வயது ஆகவில்லை உங்களுக்கு. வலை இழுத்துக்கொண்டு நின்ற நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தீர்களாம், பிறகு எழும்பவில்லையாம். செத்தவீட்டன்று பூரணமக்கா படலைவரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. பாடை எடுக்கும்வரை நின்றுவிட்டுப் போனார்.

நேற்று முன்தினம் அடுப்படியிலிருந்து எழும்பி வந்து பிள்ளைகளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன சொல்லையும் சொன்னேன். மூத்தவள் அழுதாள். அப்படியென்றால் அப்பா பெரியம்மாவிடம் பொய்யா சொன்னவர் என்று கேட்டாள். பொய் இல்லை, முழுவதையும் சொல்லவில்லை, அது எனக்காக என்றேன்.

நேற்றுக் காலை அக்காவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கதிரை தரவில்லை. நின்றபடியே சொன்னேன். "அக்கா, அவர் அண்டைக்கே சொல்லப் போக வெளிக்கிட்டவர். மறிச்சது நான்."

கச்சான் உடைக்கிற கை நின்றது. உங்களிடம் கத்தாதவர் என்னிடமாவது கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அவரிலயே இவ்வளவு காலம் கோவிச்சுக் களைச்சுப் போனன்" என்றார். "இனி உன்னில வேற தொடங்க எனக்கு ஏலாது பிள்ளை. நீ இப்ப போ."

வந்துவிட்டேன். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்று நானாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் வேலியைக் கடந்து வரும்போது ஒன்று விளங்கியது. உங்கள் தலையில் ஊர் வைத்த பழியில் பாதி என்னுடையது, அதை நேற்றுத்தான் என் கையில் வாங்கிக்கொண்டேன். நீங்கள் இருக்கும்போதே வாங்கியிருந்தால், அந்த முற்றத்தில் உங்களோடு அக்கா ஒரு சொல்லாவது கதைத்திருப்பார். அந்தப் பாரத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்? இறக்கப் போவதில்லை. என்னோடு இருக்கட்டும்.