கிளம்பாத வண்டியில் ஒரு தூக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆக்னஸ் வணக்கத்துடன் எழுதுவது. பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? எனக்கு அலுப்பைத் தவிர ஒரு குறையும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நம் பக்கம் புதிதாக ஸ்பெஷல் ரயில்கள் விட்டிருக்கிறார்கள். அதனாலேயே செகந்திராபாத் யார்டில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் எங்களுக்கு லீவு இல்லை. வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை, நம் கோவில்பட்டி வழியாகப் போகும் புது வண்டியில் குழாய் மாட்டிவிட்டு, ஐந்து நிமிஷம் என்று கீழ் பர்த்தில் சாய்ந்தேன். வண்டியைப் பிளாட்பாரத்துக்குக் கொண்டுவந்தது கூடத் தெரியவில்லை. ஒரு வயதான அம்மா தோளைத் தட்டி, "ஏம்மா, இது எங்க சீட்டு" என்றார்.

பதறி எழுந்து, "கோவில்பட்டி தாண்டிருச்சா?" என்று கேட்டேன்.

"அரே, வண்டி இன்னும் கிளம்பவே இல்லம்மா!"

அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

என் பழைய ஸ்வெட்டரைப் பார்சலில் அனுப்புங்கள், இங்கே குளிர். இன்னொன்று. வருகிற சனிக்கிழமை அந்த வண்டி மறுபடி நம் ஊரில் நிற்கும்போது எஸ்-4 பெட்டியில் ஏறி, வாஷ்பேசின் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா பாருங்கள். நான் மாட்டியது.

அடுத்த வண்டி யார்டுக்குள் வந்துவிட்டது. அம்மா, அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு இறங்குங்கள்.

ஆக்னஸ்